ஒன்பதாம் நிமிடம்

ஆகஸ்ட் 3, வியாழன்

நான் பேசிய பதினேழு நிமிடத்தை அறுத்து, அதிலிருந்து பதினொரு விநாடியை மட்டும் பிய்த்தெடுத்து, சிவகாமி நகர் தண்ணீர்த் தொட்டியில் நான் விஷம் கலக்கப்போவதாக ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். இதுதான் எனக்குச் செய்யப்பட்ட அநியாயம். செய்தவன் நலச்சங்கச் செயலாளர் செண்பகராமன். முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் இந்த நோட்டு சாட்சி சொல்லட்டும்.

இன்று காலை சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். “பெரியவரே, இது நீங்கதான?”

நான்தான். என் வீட்டு முன்னறை, என் துண்டு, என் குரல். “இனிமே யார்ட்டயும் கேக்க மாட்டேன். நானே ஏணியில ஏறி, தொட்டியில மருந்தப் போட்டுருவேன். அப்பத் தெரியும் இவனுவளுக்கு, மந்திரமூர்த்தி யாருன்னு.” அவ்வளவுதான் படம்.

குடிநீர் ஏற்று நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே மருந்து என்றால் பிளீச்சிங் பவுடர். வேறு பெயர் சொல்லி நாங்கள் யாரும் அதை அழைத்ததில்லை. காலையில் பணி மாறும்போது “மருந்து போட்டாச்சா?” என்று கேட்டுக்கொள்வதுதான் எங்களுக்கு வணக்கம். வெளியுலகத்தில் மருந்து என்றால் பயிருக்கு அடிப்பது, குடித்துச் சாவது என்பது எனக்கு இந்த எழுபத்திரண்டாம் வயதில், ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் இருந்தபோதுதான் உறைத்தது.

எட்டு மாதமாக எங்கள் தொட்டியைக் கழுவவில்லை, மருந்து போடவில்லை. சங்கக் கூட்டத்தில் கேட்டேன், மைக்கைப் பிடுங்கினார்கள். அதனால்தான் ஜூலை 23 அன்று என் வீட்டிலேயே பதினேழு நிமிடம் பேசினேன். என் மனைவி உலகம்மாள் போனைப் பிடித்தாள். அதைப் பென் டிரைவில் போட்டுச் செண்பகராமன் கையில் கொடுத்தேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஆகவே வெட்டியது அவன்தான். இதற்கு மேல் என்ன துப்புத் துலக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை முதல் நகரில் மூன்று குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. எதிர் வீட்டு மாரிச்செல்வியின் மகள் யாழினிக்கு நாலு வயது. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறுகிறது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

செண்பகராமன் வீட்டுக்குப் போனேன். கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினான்.

“எவம்வே அத வெட்டுனது?” என்றேன்.

“அண்ணாச்சி, நீங்களே குரூப்புல போட்டுட்டு என்ட்ட வந்து கேக்கிய?”

“நானா போட்டேன்?”

“பின்ன எங்க பாட்டனா வந்து போட்டான்? அவரு செத்து நாப்பது வருசமாச்சு.”

“நான் தந்த பென் டிரைவு எங்க?”

“மேசை டிராயர்ல கெடக்கு. பதினேழு நிமிசம் எவன் உக்காந்து பாப்பான்? ஒங்க சம்சாரம் பாத்தாங்களா மொதல்ல?”

திறந்தே பார்க்கவில்லையாம். என்ன நடிப்பு! பின்னால் அவன் மனைவி, ஓடிவந்த குழந்தையை வெடுக்கென்று உள்ளே இழுத்தாள். என்னைப் பார்த்து ஒரு குழந்தையை இழுப்பதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

13ஆம் தேதி ஞாயிறு பொதுக்கூட்டமாம். என்மேல் போலீசில் புகார் கொடுப்பதா என்று அதில் முடிவெடுப்பார்களாம். அதுவரை நான் தொட்டிப் பக்கம் போகக் கூடாதாம். ஏணிக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து நகரின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். சத்தத்தை அமர்த்தி வைத்துப் பல மாதம் ஆகிறது. நான் அதைப் பார்ப்பதில்லை. ஜூலை 31 முதல் என்னைத் திட்டி நூற்றுக்கு மேல் செய்திகள். படம் மட்டும் அங்கே இல்லை. போட்டவன் தடயத்தை அழித்துவிட்டான். அவ்வளவு தந்திரம்.

உலகம்மாள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பயப்படாதே என்றேன். எனக்குப் பயம் இல்லை.

ஆகஸ்ட் 5, சனி

அவன் கத்தரிக்கோலை எடுத்தால் நானும் எடுப்பேன். என்னிடம் முழுப் படமும் இருக்கிறது. ஆனால் பதினேழு நிமிடம் எவனும் பார்க்கமாட்டான். அதை அவனே சொல்லிவிட்டான். மூன்று நிமிடமாக்க வேண்டும். மருந்து என்றால் என்ன என்று நான் விளக்கும் இடம் அதில் இருக்க வேண்டும். 13ஆம் தேதிக்குள் அது ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் நான் குழந்தைகளுக்கு விஷம் வைத்தவன்.

ஓசூரிலிருக்கும் மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி இருக்கிறது. இந்த நகரில் மனை வாங்கிய வருடம் பிறந்தவள். அதனால் அவளுக்கும் சிவகாமி என்றே பெயர் வைத்தோம். அவளிடம் கேட்கவில்லை. மோட்டாரைக் கழற்றி மாட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இதுவும் அப்படித்தான்.

இணையத்தில் இலவசமாக வீடியோ வெட்ட ஒரு தளம் கிடைத்தது. கணினியில் எதையும் ஏற்ற வேண்டாம். படத்தை அங்கே அனுப்பினால் அங்கேயே வெட்டலாம். முதலில் கோப்பு பெரிது என்று தள்ளிவிட்டது. தரத்தைக் குறைத்து மறுபடி அனுப்பினேன். எண்பத்து மூன்று சதவீதத்தில் மின்சாரம் போனது. மறுபடியும் முதலிலிருந்து. இரண்டே முக்கால் மணி நேரம்.

படம் திரையின் அடியில் நாடாபோல விரிந்தது. அதை எப்படிக் குறைப்பது என்று தெரியாமல் அரைமணி நேரம் முட்டிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த உலகம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு உள்ள தள்ளுங்க. நடுவுல நிக்கது மட்டும் மிஞ்சும்.”

அப்படித்தான் இருந்தது. அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மகளுக்குக் கோலப் படம் அனுப்புகிறவள், எங்கேயோ பார்த்திருப்பாள். சொல்லிவிட்டுக் கீரையை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பால் பாக்கெட் போடவில்லை. கேட்டதற்கு, மறந்துட்டேன் என்றான். பதினெட்டு வருடத்தில் முதல் மறதி.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பரணுக்கு மாற்றினேன். 31ஆம் தேதி வாங்கியது. காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக மாற்றினேன். மேலே பழைய பாயைப் போட்டு மூடியதும் தூசிக்காகத்தான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

தளத்தில் கற்றுக்கொண்டது: நாடாவின் குறுக்கே ஒரு செங்குத்துக் கோடு நிற்கும். அதை வேண்டிய இடத்தில் நிறுத்திக் கத்தரிப் படத்தை அமுக்கினால் நாடா அங்கே இரண்டாகும். வேண்டாத துண்டைத் தொட்டு அழித்தால், மீதி இரண்டும் தானே ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்று இருந்த அடையாளமே இல்லை. கணக்குத் தொடங்காமல் செய்ததால், தளத்தின் ஜன்னலை மூடியதும் காலை முழுவதும் செய்த வேலை போய்விட்டது. மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கினேன். மறுபடி ஏற்றினேன்.

மத்தியானம் குழாய்த் தண்ணீரை என் வேலைக் காலத்துச் சோதனைக் குப்பியில் பிடித்து, அதற்கான திரவம் இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீரில் மருந்து இருந்தால் மஞ்சளாகும். கண்ணாடிபோல நின்றது. ஒரு பொட்டு மருந்தில்லை. அந்தத் தண்ணீரைத்தான் நூற்றிருபது வீடும் இன்னமும் குடிக்கிறது.

வாசலுக்குப் போய், குடத்தோடு நின்ற பெண்களிடம் உரக்கச் சொன்னேன். “தண்ணிய அப்படியே குடிக்காதிய! கொதிக்க வச்சுக் குடிங்க!”

ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். “பாத்தியாக்கா? அவரு வாயாலயே சொல்லுதாரு, குடிக்காதன்னு.”

குடங்களைத் தெருவில் கவிழ்த்தார்கள். தண்ணீர் என் வாசல்வரை ஓடிவந்தது. உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு மாரிச்செல்வி கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள். கையில் பிள்ளையின் சின்னச் செருப்பு இருந்த பை. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நானும் தயாரானேன். அவள் சத்தமே போடவில்லை.

“பெரியப்பா, என்ன மருந்து போட்டிய? பேர மட்டும் சொல்லுங்க. டாக்டர்ட்ட சொல்லணும்.”

“நான் ஒண்ணும் போடலம்மா.”

“நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். போலீசுக்குப் போவ மாட்டேன். எம்பிள்ள மேல சத்தியம். பேரு தெரிஞ்சா மாத்து மருந்து குடுத்துருவாங்கல்லா?”

“மாரி, நான் போடலங்கதுதான் இப்ப வினையே. தொட்டியில மருந்து போட்டிருந்தா ஒம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

இதைச் சொன்ன பிறகுதான் அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாங்க என்ன பெரியப்பா செஞ்சோம் ஒங்களுக்கு? பூவரச இல கேட்டு வருவால்லா ஒங்ககிட்ட, பீப்பீ ஊத.”

உலகம்மாள் பின்னாலிருந்து ஓடிவந்து, கேட்டைத் திறந்து அவளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைவிட இவள்தான் அதிகம் அழுதாள். “எல்லாம் எம் பாவம், எம் பாவம்” என்றாள். பெண்கள் அழும்போது இப்படித்தான் எதையாவது சொல்வார்கள்.

இன்று படத்தில் கைவைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

படத்துக்குக் கீழே ஒலிக்கென்று ஒரு கோடு ஓடுகிறது. மெதுவாகப் பேசினால் வரப்பு மாதிரி, கத்தினால் மலை மாதிரி எழும்புகிறது. ஒன்பதாம் நிமிடத்தில், மற்ற எதையும்விட உயரமாக ஒரு மலை நிற்கிறது. நான் அப்படிக் கத்தியதாக நினைவில்லை. கேட்டேன்.

அதற்குச் சற்று முன்புதான் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிக் காட்டி, “மருந்துன்னா பிளீச்சிங் பவுடரு, ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு” என்று அழகாக விளக்குகிறேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பதினொரு விநாடி. இரண்டுக்கும் நடுவில் இந்த மலை. எட்டு விநாடி.

கோட்டை நிறுத்தினேன். கத்தரி. எட்டு விநாடி தள்ளினேன். கத்தரி. அழித்தேன். விளக்கமும் பதினொரு விநாடியும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. விஷயத்துக்குத் தேவையில்லாத பகுதி அது. நீளத்தைக் குறைக்கத்தான் இந்த வேலையே.

ஆனால் ஒட்டிய இடத்தில் இடது தோளில் இருந்த துண்டு சட்டென்று மடிக்குத் தாவியது. பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். அதன்மேல் தொட்டியின் புகைப்படத்தை மூன்று விநாடி வைத்து மறைத்தேன். இப்போது யாருக்கும் தெரியாது. கீழே பெரிய எழுத்தில் “மருந்து = பிளீச்சிங் பவுடர்” என்று போட்டேன். மொத்தம் மூன்று நிமிடம் நான்கு விநாடி. இலவசம் என்பதால் மூலையில் அவர்கள் முத்திரை விழுகிறது, விழட்டும்.

நன்றாக வந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு முறைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம், யாரோ என்னைப் பற்றிச் செய்த படம்போலத் தோன்றுகிறது.

நாலாவது குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சங்கத்தார் தண்ணீரைப் பிடித்து விஷச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருக்கும் விஷத்தைத் தேடுகிறார்கள். இல்லாத மருந்தை யாரும் தேடவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

கூட்டம்வரை யாரும் காத்திருக்கவில்லை போலிருக்கிறது. பதினொரு மணிக்கு எஸ்.ஐ. வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஓர் அம்மாள். மரியாதையாகத்தான் பேசினார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

“ஐயா, பரண்ல என்ன மூட்டை?” பாயை மீறி ஒரு முனை வெளியே தெரிந்திருக்கிறது.

“பிளீச்சிங் பவுடர் மேடம்.”

“அத எதுக்குப் பாய் போட்டு மூடி வச்சிருக்கிய?”

என்னிடம் பில் இருக்கிறது. கடைப் பெயர், சரக்குப் பெயர், தேதி, நேரம் எல்லாம் அச்சடித்த பில். சட்டைப் பையில் கைவிட்டு அதைத் தொட்டுவிட்டேன். அதற்குள் அவர் தன் போனைக் காட்டினார்.

“வீடியோவை யாரோ பரப்பிட்டாங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லுதியளாமே. இது ஒங்க நம்பர்தான? ஜூலை 31, காலைல பத்து நாப்பத்திரண்டு. குரூப்புல மொதல்ல போட்டது நீங்கதான்.”

என் எண். என் பெயர். அதற்கு அடியில் பதினொரு விநாடி.

எங்கள் வீட்டில் போன் ஒன்றுதான். பில்லில் அச்சடித்திருக்கும் நேரம் பத்து ஐம்பது. பத்து நாற்பத்திரண்டுக்கு நான் கடை வரிசையில் நின்றேன். போன் வீட்டில் இருந்தது.

“பில்லு ஏதும் இருக்கா, இந்த மூட்டைக்கு?”

“தொலஞ்சு போச்சு மேடம்” என்றேன்.

மூட்டையைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வர வேண்டும், வெளியூர் போகக் கூடாது.

பில் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் நான் கேட்கவில்லை. காப்பியை வைத்துவிட்டு அவளே தரையில் உட்கார்ந்தாள்.

“நாந்தான் அனுப்புனேன்.”

“தெரியும்.”

“நீங்க மூட்ட வாங்கப் போயிட்டிய. நெசமாவே ஏறப் போறாருன்னு பயந்துட்டேன். நாப்பதடி ஏணி. ரெண்டு தடவ தலசுத்தி விழுந்த மனுசன். நான் சொன்னாக் கேப்பியளா? மக சொன்னாக் கேப்பியன்னு, அந்தப் பேச்ச மட்டும் வெட்டி அவளுக்கு அனுப்புனேன். ‘அப்பா ஏறப் போறாங்க, தடுத்துச் சொல்லு’ன்னு பேசியும் அனுப்பணும்னு இருந்தேன். சிவகாமின்னு அடிச்சேன். மேல வந்தத அமுக்கிட்டேன்.”

மேலே வந்தது சிவகாமி நகர் குடியிருப்போர் குழு.

“அப்பமே தெரிஞ்சுட்டுங்க. ஒடனே அழிச்சிட்டேன். சத்தியமா அழிச்சிட்டேன்.”

“ஒனக்கு மட்டும் அழிச்சிருக்க ஏளா. அதுல ரெண்டு இருக்கு. எனக்கு மட்டும், எல்லாருக்கும்.”

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு நான் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “பத்து விநாடி முன்னால இருந்து வெட்டியிருந்தா, பிளீச்சிங் பவுடர்னு நான் சொன்னது வந்திருக்கும்லா? ஏன் அங்ஙன இருந்து வெட்டுன?”

அவள் காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

“அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொன்னியளே. அது மக காதுல விழவேண்டாம்னுதான்.”

அந்த எட்டு விநாடி. அவளும் அதே இடத்தில்தான் கத்தரித்திருக்கிறாள்.

இரண்டு பேர் வெட்டிய பிறகு இனி அதை எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை. ஒன்பதாம் நிமிடத்தில் நான் கத்தியது இது: “ஒரு பிள்ள போவட்டும். இந்தத் தெருவுல ஒரு பிள்ள போனாத்தான் இவனுவளுக்குப் புத்தி வரும்.”

நான்தான் சொன்னேன். யாரும் என் வாயில் ஒட்டவில்லை. யாழினிக்குச் சிறுநீர் இறங்கவில்லை என்று ஐ.சி.யூ.வுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

உலகம்மாள் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். “நான் ஸ்டேசனுக்குப் போயி சொல்லுதேன்.”

“நீ எங்கயும் போவண்டாம். குடத்தக் கவுத்தவளுவ நாளைக்கு ஒன்னப் பாத்துப் பிள்ளய உள்ள இழுப்பாளுவ. அது ஒன்னால தாங்க முடியாது.”

“ஒங்களால முடியுதாக்கும்?”

மடிக்கணினியைத் திறந்தேன். மூன்று நிமிடம் நான்கு விநாடியை அழித்தேன். கணினியில், தளத்தில், எல்லா இடத்திலும். முழுப் படத்துக்குக் கத்தரி தேவையில்லை. இத்தனை நாள் நான் கற்றுக்கொண்டது எதுவும் அதற்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 12, சனி

நாளைக்குக் கூட்டம். ஒரு குறிப்பு: செண்பகராமன் வெட்டவில்லை. முதல் பக்கத்தில் எழுதியதை அடிக்கவும் மாட்டேன், அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன். எட்டு மாதம் தொட்டியைக் கழுவாதவன் அவன். அதை எவரும் வெட்டி ஒட்டவில்லை.

செய்ய வேண்டியவை:

இன்று மாலைக்குள் குழாயை நிறுத்த வேண்டியது, லாரித் தண்ணீருக்குச் சொல்ல வேண்டியது: செண்பகராமன். அவன் செய்யாவிட்டால் மாநகராட்சிக்கு நேரே போய் உட்கார வேண்டியது: நான்.

தொட்டியை இறக்கிக் கழுவ வேண்டியது: சங்கம் ஆள் வைத்து. மருந்து கரைக்கும் அளவைச் சொல்ல வேண்டியது: நான், கீழே நின்று. ஏணியில் ஏற வேண்டியது: என்னைத் தவிர யார் வேண்டுமானாலும்.

“தண்ணீரில் மருந்து இல்லை, கிருமிக்குப் பாருங்கள்” என்று என் சோதனை முடிவை ஆஸ்பத்திரி டாக்டரிடம் இன்றே எழுதிக் கொடுக்க வேண்டியது: நான். வாங்காவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியது: நான்.

போனில் மகளின் பெயரைச் “சிவகாமி பாப்பா” என்று மாற்ற வேண்டியது: உலகம்மாள். பிறகு அதைப் பற்றி இந்த வீட்டில் பேசாமல் இருக்க வேண்டியது: இரண்டு பேரும்.

பில்லைக் கிழிக்க வேண்டியது: நான். (கிழித்துவிட்டேன்.)

யார் வெட்டியது என்று எஸ்.ஐ. அம்மாள் கேட்டால் “நான்தான்” என்று சொல்ல வேண்டியது: நான். பொய்யும் இல்லை, நானும் வெட்டியவன்தான்.

நாளைய கூட்டத்தில் பதினேழு நிமிடத்தையும் வெட்டாமல் போட வேண்டியது: நான். பாதியில் எவன் எழுந்தாலும் நிறுத்தாமல் இருக்க வேண்டியது: நான்.

மாரிச்செல்வியைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டியது: யாருமில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். அந்த எட்டு விநாடியை அவள் போனில் கேட்கக் கூடாது. நானே போய், ஐ.சி.யூ. வாசலில், அதை என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவள் என்ன செய்தாலும் அங்கேயே நிற்க வேண்டியது: நான்.